எதிர்க்கடையைப் பார்த்துப் பொங்கிய மாவு

வெள்ளூரணி கீழரத வீதியில், யாரும் ஒரு படி அரிசிகூட நனையப் போடாத டிரம்களுக்குள் மாவு தானாகப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்ற அந்த ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை காலையில், திலகராணிக்கு அதைப் பார்த்து ஆச்சரியப்பட நேரமில்லை. மகள் ஹேமப்பிரியாவுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது, வீட்டில் சர்க்கரை தீர்ந்திருந்தது, தையல்காரர் ரவிக்கையை இன்னும் கொடுத்துவிடவில்லை. கணவர் தங்கப்பழம் கடையிலிருந்து ஓடிவந்து, "ஏ திலகா, மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு நேத்து நான் ஒண்ணுமே அரைக்கலை, இப்போ போய்ப் பார்த்தா பதினோரு டிரம் மாவு நிக்கி" என்று மூச்சு வாங்கச் சொன்னபோது, "நின்னா விக்க வேண்டியதுதானே, என்கிட்ட வந்து எதுக்கு முழிக்கீக? வாரப்போ ரெண்டு கிலோ சர்க்கரை வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் ரவிக்கையைத் தேடிப் போய்விட்டாள். அவரும் விற்றுவிட்டார். ஊரும் வாங்கிப்போய் இட்லி ஊற்றித் தின்றுவிட்டு, உளுந்து கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொன்னது.

ஊரில் மாவுக்கடை இரண்டே இரண்டு. கிழக்குப் பார்த்தது தங்கப்பழத்தின் திருமலர் மாவு. அதற்கு நேர் எதிரே மேற்குப் பார்த்தது சுடர் மாவு. அதை வைத்திருந்தவன் திலகராணியின் உடன்பிறந்த தம்பி சுந்தரக்கனி. ஒருத்தர் பழம், ஒருத்தன் கனி, இரண்டும் சேர்ந்து என் தலையில் காய்த்துத் தொங்குகின்றன என்று அவள் சொல்லிக்கொள்வாள். அத்தான் கடையில் நான்கு வருஷம் மாவள்ளிப் பழகிய தம்பி, ஒரு நாள் எதிரே கடை எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டியபோது, பேச்சு நின்றதே தவிர உறவு நிற்கவில்லை. தீபாவளிக்கு அக்காவுக்குப் பிறந்த வீட்டுச் சேலை ரோட்டைத் தாண்டி வரும், இங்கிருந்து அதிரசம் ரோட்டைத் தாண்டிப் போகும், இரண்டு ஆண்களும் அந்த நேரத்தில் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பேச்சு இல்லாத இடத்தில் டிரம் பேசியது. விற்றுத் தீர்ந்த டிரம்மைக் கழுவிக் கடை முன்சுவரில் கவிழ்த்து வைப்பது அந்தத் தெரு வழக்கம். சாயங்காலம் நான்கு மணிக்கு, காது குடைகிற பாவனையில் தங்கப்பழம் எதிர்ச்சுவரை எண்ணுவார், சட்டைக் காலரைச் சரிசெய்கிற பாவனையில் சுந்தரக்கனி இந்தச் சுவரை எண்ணுவான். அவன் கொஞ்சம் போட்டிருந்தால் நாளைக்கு நாம் கூட்டிப் போடலாம், அவன் நிறையப் போட்டிருந்தால் நாம் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். இவன் நேற்றுப் போட்டதைத்தான் நாளையும் போடுவான் என்று அவரும், அவர் நேற்றுப் போட்டதைத்தான் நாளையும் போடுவார் என்று அவனும் எட்டு வருஷம் நம்பினார்கள். இங்கே ஐந்து, அங்கே ஐந்து என்று ஊர் நிம்மதியாகத் தின்றது. அந்தப் புரட்டாசியில் தங்கப்பழம் கோயம்புத்தூரிலிருந்து கவிழ்க்கிற கிரைண்டர் ஒன்று வாங்கிவந்து, பாதி நேரத்தில் இரண்டு பங்கு அரைக்கத் தொடங்கினார். அதிலிருந்துதான் எல்லாம் தடுமாறியது என்று சிலர் சொன்னார்கள். எட்டு வருஷம் இரண்டு பேரும் வெறித்து வெறித்துப் பார்த்த பார்வை மாவுக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். எது எப்படியோ, எண்ணுகிற வேலையை ஐப்பசி முதல் மாவே எடுத்துக்கொண்டது. எத்தனை படி நனைத்தாலும், நனைக்காமலே விட்டாலும், எதிர்ச்சுவரில் நேற்று எத்தனை டிரம் கவிழ்ந்திருந்ததோ அதற்கு ஏற்ற மாவுதான், அங்கே கூடினால் குறைவாக, அங்கே குறைந்தால் நிறைய, மறுநாள் காலை இங்கே பொங்கி நின்றது. அங்கேயும் அப்படியே.

முதலில் அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. ஒரு நாள் இரண்டு கடையிலும் வழிய வழிய, மறுநாள் இரண்டு கடையிலும் அடியில் ஒட்டினாற்போல. ஊர் ஒரே வாரத்தில் பழகிவிட்டது. மாவு நாள், உப்புமா நாள் என்று பேர் வைத்தார்கள். மாவு நாளில் மிஞ்சியதைப் பசுவுக்கு வைத்தார்கள், சினிமா போஸ்டர் ஒட்டினார்கள், காவல் நிலையத்துக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினார்கள். உப்புமா நாளில் மாமியார்களுக்கும் மருமகள்களுக்கும் சண்டை வருவது கூடியது என்பதால், மாதர் சங்கத்தார் அன்றைக்குக் கூட்டம் வைப்பதை நிறுத்தினார்கள். கார்த்திகையில் அது நான்கு நாள் சுற்றாக மாறியது: வழிதல், வறட்சி, சுமார், வறட்சி. நாட்காட்டி அச்சடிப்பவர் ராகுகாலத்துக்குக் கீழே மாவுக்காலம் என்று ஒரு வரி சேர்த்தார். கன்னியாஸ்திரீகளின் விடுதி அதைப் பார்த்துச் சமையல் பட்டியலை மாற்றியது. பெண் பார்க்கப் போகிறவர்கள் வழிதல் நாளாகப் பார்த்துப் போனார்கள். நான்கு எட்டானபோதும் ஊர் முணுமுணுக்கவில்லை, எட்டையும் மனப்பாடம் செய்தது. பிள்ளைகள் அதை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொன்னார்கள்.

மார்கழி பிறந்ததும் சுற்று அறுந்தது. திங்கள் மூன்று, செவ்வாய் பதினான்கு, புதன் ஒன்றரை, வியாழன் ஒன்பது, அடுத்த திங்கள் ஏறக்குறைய அதே மூன்று, ஆனால் அதற்கடுத்த செவ்வாய் பதினான்கு வரவில்லை, ஆறு வந்தது. அதன் பிறகு வந்த எதுவும் முன்னால் வந்த எதையும் போல இல்லை. ஜோசியர் மூன்று முறை சொல்லி மூன்று முறையும் பொய்த்து, ஊரை விட்டே மகள் வீட்டுக்குப் போனார். கவுன்சிலர் வந்து ஒரு டிரம்முக்கு மாலை போட்டார். மாலையையும் முழுங்கிக்கொண்டு மாவு பொங்கியது.

பக்கத்து ஊர்க் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிற நெல்சன் சார், மடிக்கணினியோடு வந்து திலகராணி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு நாள் உட்கார்ந்து, ஆறு வேளை காப்பி குடித்து, கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல குழப்பமே இல்லைம்மா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேத்து என்ன செஞ்சாங்கன்னு பார்த்துப் பதில் சொல்லுதாங்க. அவ்வளவுதான். ஒரே வரிக் கணக்கு."

"ரொம்ப சந்தோஷம். தை பதிமூணு என் மகளுக்குக் கல்யாணம். அன்னைக்கு எத்தனை டிரம்னு அந்த ஒரு வரியைப் பார்த்துச் சொல்லுங்க."

"அதைச் சொல்ல முடியாதும்மா."

"ஒரு வரிதானே சார்?"

"ஒரு வரிதான். ஆனா இன்னைக்கு எவ்வளவுன்னு துல்லியமாத் தெரியணும். ஒரு கரண்டி முன்னப்பின்ன இருந்தாப் போதும், பத்து நாள்ல கதையே வேற."

"இந்த அழகுக்கா நாலு நாள் காப்பி குடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டாள்; ஆனால் விரலை மடக்கி நாட்களை எண்ணினாள். பக்கத்து வீட்டு ஜைனம்பு, பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு தோசைக்கு மாவு கொடு மதினி என்று கேட்டு வந்ததும், அன்றைக்கு விற்பனைக்கு எடுத்து வைத்த டிரம்மிலிருந்து தான் ஒரே ஒரு கரண்டி அள்ளிக் கொடுத்ததும் ஒன்பது நாளைக்கு முன்னால். நேற்றுத் திருமலரில் முப்பத்தோரு டிரம் பொங்கி ரோட்டில் வழிந்தது. சுடரில் துடைத்து வைத்த மாதிரி ஒன்றுமில்லை. அத்தான் செய்வினை வைத்துவிட்டார் என்று தம்பி தெருவில் நின்று கத்தியது நேற்றுத்தான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நெல்சன் சார் சொன்னதை டீக்கடை கேட்டுவிட்டது. மறுநாள் முதல் வெள்ளூரணியில் யாரும் யாருக்கும் ஒரு கரண்டி மாவு கடன் கொடுப்பதில்லை, கேட்பதுமில்லை. நேற்றைய வழிதல் என் கரண்டியால்தான் என்று ஒருத்தி பெருமையடித்தாள், இன்றைய வறட்சி உன் நாயால்தான் என்று ஒருத்தி ஏசினாள். நாய் நக்கியது, குருவி கொத்தியது, காற்றில் காய்ந்த ஓரம் என்று ஊரே சின்னச் சின்ன விஷயங்களுக்குப் பயந்து மெதுவாக நடக்க ஆரம்பித்தது.

திலகராணிக்கு மாவு எப்படிப் போனாலும் கவலையில்லை. கல்யாணத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து சமையல்காரர் அவரே அரைத்துக்கொண்டு வருவார். அவள் பயந்தது வேறு ஒன்றுக்கு. அவர்கள் பக்கத்தில் பெண்ணை மணமேடைக்குக் கைப்பிடித்து அழைத்து வருவது தாய்மாமன், மேடையில் நின்று அந்தக் கையை வாங்கிக்கொள்வது தகப்பன். அந்த ஒரு நிமிஷத்துக்காவது இந்தப் பழமும் அந்தக் கனியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் எட்டு வருஷமாகக் காத்திருந்தாள்.

ஊருக்குப் பத்திரிகை வைக்குமுன் தாய்மாமன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு போக வேண்டும். மார்கழி கடைசியில் அவள் அதை ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகுதான், மாவுக்கு இருந்த வியாதி மனுஷருக்கும் இருப்பது தெரிந்தது.

"அவன் தெருவுல நின்னு என்னைச் செய்வினைக்காரன்னு சொல்லியிருக்கான், நான் அவன் வாசல் மிதிக்கவா?" என்று தங்கப்பழம் தட்டைத் தள்ளினார். அந்தத் தள்ளலை எதிர்க்கடை அன்று சாயங்காலமே அறிந்தது. ஆனால் அதற்குள், கத்தியது தப்பு என்று மனம் இளகிய சுந்தரக்கனி மனைவியிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தான். பழம் இங்கே வந்த நேரம், தள்ளின செய்தி அங்கே போன நேரம். மறுநாள் காலை பழத்தைப் பார்த்து மனம் இளகி தங்கப்பழம் வெற்றிலைத் தட்டோடு ரோட்டைத் தாண்டினார். தட்டைத் தள்ளியதைக் கேட்டுக் கொதித்திருந்த தம்பி ஷட்டரை இறக்கினான். இறக்கிய பிறகு அவர் கையில் தட்டு இருந்தது என்று தெரிந்து அவன் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த நாள் ஓடிவந்தான்; ஷட்டரை நினைத்துக் குமுறியிருந்த இவர் கொல்லைப்புறமாகப் போய்விட்டார்.

"ரெண்டு பேரும் நேத்தைக்கே பதில் சொல்லிட்டு இருக்கீக. ஒரு நாளாவது இன்னைக்கு என்னன்னு கேளுங்களேன்" என்று அவள் கணவரிடம் சொன்னாள்.

"இன்னைக்கு என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவன் நேத்து செஞ்சதுதானே தெரியும்."

"ஏல, உனக்காவது புத்தி இருக்கா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"அக்கா, அத்தான் நேத்து செஞ்சதைக் கேட்டா நீ இப்படிப் பேச மாட்டே" என்றான் அவன்.

நடுவில் நின்று ஒருவரிடம் ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். கணவர் 'வரமாட்டேன்' என்றதைத் தம்பியிடம் 'யோசிக்கிறேன்' என்று கொண்டுபோனாள். கான்வெண்டில் சிஸ்டர் பெட்ரிஷியா பிரம்பால் அடித்துச் சொல்லித்தந்த உண்மை பேசும் பழக்கத்தை ஐம்பது வயதில் அடகு வைத்து அவள் சொன்ன அந்த ஒரு சின்னப் பொய், மூன்றே நாளில் சுற்றிச் சுற்றிப் பெருகி, தம்பி சீர்ச்சேலையை எடுத்து வைத்திருந்த பெட்டியைத் தெருவில் கவிழ்த்ததில் போய் முடிந்தது. அவள் பொய்யினால்தான் அது வந்ததா, பொய் சொல்லாவிட்டால் இன்னும் மோசமாக ஆகியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. நெல்சன் சாராலும் முடியாது. கையை வைத்தால் மாறும், எந்தப் பக்கம் மாறும் என்பது தெரியாது, கையை வைக்காமல் சும்மா இருந்தாலும் அது ஒரு கை வைத்தல்தான். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவே பயந்தாள். அவள் வாய் திறக்கப் பயந்து வெள்ளூரணி பார்த்ததில்லை.

தை பதிமூன்றாம் தேதி விடிந்தது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. அன்று இரண்டு கடையிலும் எத்தனை டிரம் பொங்கியது என்று பார்க்க ஆளில்லை, கல்யாண மண்டபத்தில் ஊரே பந்தியில் உட்கார்ந்திருந்தது. ஹேமப்பிரியா கூரைச்சேலையில் மணமகள் அறையில் காத்திருந்தாள். மணி ஒன்பதேகாலுக்கு, முந்தின நாள் தம்பி சீர்ப்பெட்டியை மறுபடி அடுக்கினான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தங்கப்பழம் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"திலகா, நானே போய்க் கூட்டிட்டு வாரேன்."

அவளுக்குக் கண் நிறைந்தது. போங்க, என்று மட்டும் சொன்னாள். வடக்குத் தெரு வழியாக அவர் ஆட்டோ போன பத்தாவது நிமிஷம், தெற்குத் தெரு வழியாக இன்னொரு ஆட்டோ வந்து நின்று, கையில் தாம்பாளத்தோடு சுந்தரக்கனி இறங்கினான்.

"அத்தான் எங்கக்கா?"

"உன்னைக் கூப்பிடத்தான்டா போயிருக்காக!"

"என் வாசலுக்கா? அத்தானா?" ஆட்டோவை நிற்கச் சொல்லிக் கை காட்டினான். "நான் இல்லாத வாசல்ல அவுக நிக்கக் கூடாதுக்கா." தாம்பாளத்தை அவள் கையில் திணித்துவிட்டு, அவள் கத்தக் கத்த அதே ஆட்டோவில் திரும்பினான். அந்த ஆட்டோ தெற்கே மறைவதற்கும் இந்த ஆட்டோ வடக்கே தோன்றுவதற்கும் சரியாக இருந்தது. "வந்தானா? எனக்காகத் திரும்பிப் போனானா?" என்று தங்கப்பழம் ஒரு காலைக்கூடக் கீழே வைக்காமலே திரும்பினார். இரண்டாம் முறையும் அப்படியே நடந்தது. மண்டப வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவர்கூட ஆச்சரியப்படாமல், அண்ணாச்சி இப்போ வடக்க, மச்சினன் தெற்க, என்று வருகிறவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்.

மூன்றாம் முறை தங்கப்பழம் திரும்பி வந்தபோது, அவள் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் நான்கு பேரை விட்டு அவரை நாற்காலியில் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தம்பிக்குப் போன் செய்தாள். "அத்தானை இங்க கட்டிப் போட்டுருக்கேன். நீ கிளம்பி வா."

"இல்லக்கா. மூணு தடவை அவுக வந்தப்போ நான் இல்லை. இந்தத் தடவை நான் அசைய மாட்டேன். அவுக வந்து கூப்பிடட்டும்."

"அவுக வரமாட்டாகல, பிடிச்சு வச்சிருக்கோம்!"

"வருவாகக்கா. மூணு தடவை வந்தவுக."

இங்கே நாற்காலியில் அவர், "விடுங்கப்பா, நான் உக்காந்தே இருக்கேன். மூணு தடவை வந்தவன், இப்பவும் வருவான்" என்று கையைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஓடியபோது ஒரு மாதிரி, இரண்டு பேரும் உட்கார்ந்தபோது அதைவிட மோசம். பத்து மணி ஐந்து நிமிஷம். ஐயர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். "சரி, நான் நினைச்ச மாதிரி இல்லை, அவன் வரலைன்னு தெரிஞ்சுபோச்சு, போய்ட்டு வாரேன்" என்று பத்து பதினைந்துக்கு அவர் திமிறி எழுந்து ஓடிய அதே நிமிஷத்தில் அங்கே அவனும் எழுந்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். இந்த ஒன்றை மட்டும் அவளால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது, சொல்லி என்ன ஆகப்போகிறது.

மணமகள் அறைக் கதவு திறந்தது. ஹேமப்பிரியா தலையில் பூ கனக்க, வாசல்வரை வந்து அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, மாமா வரலையா?"

"வந்துட்டே இருக்கான்டி."

"அப்பா?"

"வந்துட்டே இருக்காக."

"எவ்வளவு நேரமா வந்துட்டே இருக்காங்கம்மா?"

மகள் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிக்க ஒருத்தரும் இல்லாமல், கையை வாங்கிக்கொள்ள ஒருத்தரும் இல்லாத மேடையைப் பார்த்து நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. முணுமுணுப்பு எழவில்லை, அந்த மூன்று மாதத்தில் வெள்ளூரணி எதையும் அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த வாய் சாப்பிடப் பழகியிருந்தது. "இந்த வருஷம் இப்படித்தான் போல" என்றார் யாரோ. "பிள்ளை நல்லாத்தான் நடக்கு" என்றார் இன்னொருவர்.

கூடப் போக வேண்டும் என்று திலகராணிக்குத் தோன்றியது. போனால், இரண்டு பேரில் யாராவது வந்து வாசலில் யாரையும் காணாமல் திரும்பிவிட்டால்? போகாவிட்டால், மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பெற்றவள் பார்க்கவில்லை என்றாகும். ஒரு கால் மண்டபத்துக்குள்ளும் ஒரு கால் வாசற்படியிலுமாக, கையில் தம்பி திணித்த தாம்பாளத்தோடு, அவள் வடக்கைப் பார்த்தாள், தெற்கைப் பார்த்தாள், மறுபடி வடக்கைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் கெட்டிமேளம் வெடித்தது.

அந்தச் சத்தத்துக்குள்ளேயே இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு ஆட்டோக்கள் வந்து அவள் முன்னால் ஒரே நேரத்தில் நின்றன. இரண்டு ஆண்களும் இறங்கினார்கள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், பார்த்ததும் இரண்டு பேருக்கும் முகம் குழந்தை முகம் மாதிரி மலர்ந்தது. தங்கப்பழம் மச்சினனின் கையைப் பிடித்துக்கொண்டார், அவன் அத்தான் தோளில் கை போட்டான். மேளம் காதைப் பிளக்க, வாசல்வரை அட்சதை பறந்து வந்து விழ, இருவரும் அவளிடம் திரும்பி ஒரே குரலில் கேட்டார்கள்:

"நேரம் இருக்குல்ல?"